லிஃப்ட் டாக்டரின் ஐந்தரை மணி

அலுவலக வேலைக்குப் போன முதல் நாள் காலையில் அவர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒரே வாக்கியத்தை ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"அஞ்சரை மணிக்கு மேல நான் போன் எடுக்க மாட்டேன் மேடம்." கொஞ்சம் விறைப்பாக இருந்தது. "அஞ்சரைக்கு மேல வீட்ல கொஞ்சம் வேலை இருக்குங்க மேடம்." இது கெஞ்சுகிற மாதிரி இருந்தது. மூன்றாவது விதமாகச் சொல்லத் தொடங்கியபோது கதவுக்கு வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பல்லு தேய்க்கிறீங்களா, பேச்சுப் போட்டிக்குப் போறீங்களா?"

"தேய்ச்சாச்சு, தேய்ச்சாச்சு."

"மறந்துடாதீங்க. முதல் நாளே சொல்லிடணும். ஒரு வாரம் போச்சுன்னா அப்புறம் சொல்ல வாய் வராது உங்களுக்கு."

அவளுக்கு அவரைத் தெரியும். பதினான்கு வருஷம் ஒரே கம்பெனியில் லிஃப்ட் பழுது பார்த்தவர். அந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட "வர முடியாது" என்று சொன்னதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவரை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி அவர் கேட்கிற அழகைப் பார்த்து யாரோ வைத்த பெயர். அது ஒட்டிக்கொண்டது. கட்டடக் காவலாளிகள்கூட "டாக்டர் வந்துட்டார்" என்றுதான் சொல்வார்கள்.

மனைவிக்கு மட்டும் அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்காது. "நான் ஊர்ல ஆறு வருஷம் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவ. இங்க வந்து நர்ஸ்னு சொல்லிக்கணும்னா மறுபடி பரீட்சை எழுதணும். நீங்க ஒரு பரீட்சையும் எழுதாம டாக்டர்!" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். கேட்பவருக்குத்தான் சிரிப்பு வராது.

அந்தப் பரீட்சைதான் விஷயம். வெளிநாட்டில் படித்த நர்சுகள் இங்கே வேலை பார்க்க வேண்டுமானால் ஒன்பது மாத வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும். திங்கள், செவ்வாய், வியாழன், மாலை ஆறிலிருந்து எட்டு. நான்கு வகுப்புக்கு மேல் தவறினால் பரீட்சைக்கு விட மாட்டார்கள். அழுதாலும் விட மாட்டார்கள், அழுது பார்த்திருக்கிறாள். முதல் வருஷம் ஐந்து வகுப்பு தவறியது. இரண்டாம் வருஷம் ஆறு. பதினொன்றுக்கும் காரணம் ஒன்றே: அவர் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடிக்கும், எங்கோ ஒரு லிஃப்ட் நின்றிருக்கும், அவர் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. சொந்தபந்தமெல்லாம் கடல் தாண்டி இருந்தது. அவள் பையை இறக்கி வைத்துவிட்டுக் குழந்தைக்குச் சோறு பிசைய உட்காருவாள்.

முதல் வருஷம் சண்டை போட்டாள். இரண்டாம் வருஷம் போடவில்லை. புத்தகங்களை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. சண்டையே தேவலாம் என்று அவருக்குத் தோன்றியது.

இந்த வருஷம் அவருடைய முழங்கால் போயிற்று. லிஃப்ட் குழிக்குள் மண்டியிட்டு மண்டியிட்டுத் தேய்ந்த மூட்டு. ஏணி ஏறக் கூடாது என்று நிஜ டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனி அவரை அலுவலகத்துக்குள் உட்கார வைத்தது. காலையில் வருகிற புகார்களைப் பிரித்து யார் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும், உதிரிபாகம் கேட்டு எழுத வேண்டும். எட்டரைக்கு ஆரம்பம், ஐந்தரைக்கு முடிவு. அதற்குப் பிறகு வருகிற அழைப்புகள் அந்த வாரம் முறையில் இருக்கிற டெக்னீஷியனுக்கு நேராகப் போய்விடும்.

"முழங்கால் போனது நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி. சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த நாள் அலமாரிக்கு மேலிருந்து புத்தகங்கள் இறங்கின.

ஆக, அந்த வாக்கியத்தை அவர் சொல்லியே ஆக வேண்டும். சொன்னார். மேனேஜர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலேயே, "சரி. அதுதானே ஆபீஸ் நேரம்?" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பதில் சொல்ல இன்னும் நாலு வாக்கியம் கைவசம் இருந்தது. அதற்கு வேலையே வரவில்லை. "ஐயோ, நீங்க இல்லாம எப்படி?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதே தப்பு என்றும் உடனே தோன்றியது.

பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு எல்லோரும் ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அழைப்புகளை எடுப்பது அவள் வேலை. போனை வைத்த பிறகும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்தே காலுக்கே டிபன் டப்பாவைக் கழுவிக் கைப்பையில் போட்டுக்கொள்வாள்.

"அண்ணா, ஆபீஸுக்குன்னு ஒரு தர்மம் இருக்கு" என்றாள் முதல் நாளே. "அஞ்சரைக்கு அப்புறம் ஒரு தடவ போன் எடுத்தீங்கன்னு வைங்க, அது தாலி கட்டின மாதிரி. காலத்துக்கும் எடுக்கணும்."

"நான் எடுக்க மாட்டேம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா எடுக்கிற மூஞ்சியா இருக்கு."

இரண்டு வாரம் எடுக்கவில்லை. ஐந்து நாற்பதுக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி பையோடு வாசலில் நின்றாள். குழந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. நான்கு வயதுக் குழந்தைக்கு அப்பாவின் கையால் சாப்பிடுவது புது விளையாட்டாக இருந்தது. போனை அவர் படுக்கையறை அலமாரியில், மடித்த போர்வைகளுக்கு நடுவே வைத்தார். கண்ணில் பட்டால் கை போகும் என்று அவருக்கே தெரியும்.

மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை. ஆறே கால் இருக்கும். குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். குழந்தை வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டியது.

"அப்பா, அலமாரி அழுவுது."

போர்வைக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தார். நெட்டை என்று திரையில் இருந்தது. பத்து வருஷம் அவரோடு ஒரே வேனில் சுற்றிய கூட்டாளி. ஆறடிக்கு மேல் உயரம். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது மடக்குக் கத்தி மாதிரி மடிந்துகொண்டு போவான். இந்த வாரம் முறை அவனுடையது.

டாக்டர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்பது ஒரு கணக்கு. எடுத்திருந்தால் இரண்டு நிமிஷம் இருபது நிமிஷமாகி, "நீயே ஒரு எட்டு வந்துடேன்" என்று முடியும் என்பது பழக்கத்தில் கண்ட கணக்கு. அலமாரிக் கதவைச் சாத்தினார். அது மறுபடி அழுதது. ஏழரை மணிக்குள் மொத்தம் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் குழந்தை, "பாவம், அதுக்குப் பசிக்குது" என்றது. ஏழரைக்குப் பிறகு சத்தமே இல்லை. அதற்குப் பிறகு அவரே இரண்டு தடவை அலமாரியைத் திறந்து பார்த்தார்.

எட்டேகாலுக்கு மனைவி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. வகுப்பில் ஆசிரியை அவளை எழுப்பி, ஒரு நோயாளிக்குத் திடீரென்று மூச்சுத் திணறினால் முதலில் என்ன பார்ப்பாய் என்று கேட்டாராம். அவள் சொன்ன பதிலை எல்லோரும் எழுதிக்கொண்டார்களாம். "இங்க ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார்.

மறுநாள் காலை அவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ரேடியோ ஒலிபரப்பை ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா, விஷயம் தெரியுமா? நெட்டை அண்ணன் முதுகு பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டார். ஆஸ்பத்திரிக்கு எதிர்ல எட்டு மாடிக் கட்டடம் இருக்குல்ல, அங்க நேத்து சாயங்காலம் லிஃப்ட் நின்னுடுச்சு. ஏழாவது மாடியில ஒரு பெரியவர், சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வர்றவர். நிக்கவே தெம்பு இல்லையாம். கீழ வாசல்ல ரெண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருக்கார். நெட்டை அண்ணனும் மோட்டாரைப் பார்த்திருக்கார், பிரேக்கைப் பார்த்திருக்கார், குழிக்குள்ள எறங்கிப் பார்த்திருக்கார். ஒண்ணும் பிடிபடல. கடைசியில இவரும் காவலாளியுமா அந்தப் பெரியவரை நாற்காலியோட ஏழு மாடி தூக்கிட்டுப் போயிருக்காங்க. அஞ்சாவது மாடியில இவர் முதுகுல ஏதோ மளுக்குனு கேட்டுச்சாம். அப்பவும் விடாம ஏழு வரைக்கும் போயிட்டுத்தான் கீழ வெச்சிருக்கார்."

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. எந்தக் கட்டடம் என்று அவள் சொன்னபோதே அவருக்குப் பழுது எது என்று தெரிந்துவிட்டது.

ஐந்தாம் மாடிக் கதவு. கதவு சரியாக மூடிவிட்டது என்று லிஃப்டுக்குச் சொல்கிற ஒரு சின்னப் பித்தளைத் துண்டு பூட்டுக்குள் இருக்கும். அந்தக் கதவில் அதைத் தாங்குகிற தகடு வளைந்து போயிருந்தது. கையால் கதவைத் தள்ளி மூடிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கதவு தானாக மூடினால் முடி அளவு இடைவெளி விழும், லிஃப்ட் நின்றுவிடும். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கையால் தள்ளித்தான் பார்ப்பான், சரி என்று அடுத்த மாடிக்குப் போவான். டாக்டர் மூன்று வருஷத்துக்கு முன் அதைக் கண்டுபிடித்தார். தகட்டை மாற்றச் சொல்லி எழுதினால் அது வர இரண்டு மாதமாகும் என்று, அப்போதைக்கு டூத்பேஸ்ட் அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு வெட்டி, நாலாக மடித்துத் தகட்டுக்குப் பின்னால் செருகினார். லிஃப்ட் பாய்ந்து ஓடியது. நாலு மாதத்துக்கு ஒரு முறை அட்டை நைந்து போகும். போய்ப் புது அட்டை வைப்பார். அதற்கென்றே பல் தேய்க்கிற பேஸ்ட் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பார்.

தகடு கேட்டு அவர் எழுதவே இல்லை. பழுதுகளைக் குறித்து வைக்கிற கட்டடத்து லாக் புத்தகத்திலும் எழுதவில்லை.

வேறொரு டெக்னீஷியனைப் போனில் கூப்பிட்டு, "அஞ்சாவது மாடிக் கதவுப் பூட்டைத் திற, தகட்டுக்குப் பின்னால ஒரு அட்டையை மடிச்சு வை" என்றார். பத்தே நிமிஷத்தில் லிஃப்ட் ஓடியது. ரேடியோ கைதட்டினாள். "பாருங்கய்யா! உட்கார்ந்த எடத்துலேர்ந்தே வைத்தியம்! டாக்டர்னா டாக்டர்தான்!" எதிர் மேஜையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். அந்தக் கையை எங்கே வைப்பது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. மேஜைக்கு அடியில் தொடை மேல் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். மேஜை மேல் அந்தக் கட்டடத்து லாக் புத்தகம் விரித்திருந்தது.

"ஒரு சந்தேகம். மூணு வருஷத்துல நீங்க இங்க ஒன்பது தடவ போயிருக்கீங்க. ஒன்பது தடவயும் 'சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது'னு எழுதியிருக்கீங்க. சரியா இருந்த லிஃப்டுக்கு எதுக்கு ஒன்பது தடவ போனீங்க?"

"பழைய லிஃப்ட் மேடம். திடீர் திடீர்னு ஏதாவது வரும். எது என்னன்னு எழுத முடியாது."

வாயிலிருந்து அது எவ்வளவு சரளமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். மேனேஜர் புத்தகத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சரி" என்றார். முதல் நாள் சொன்ன அதே "சரி". இந்தத் தடவை அவர் அங்கே நிற்காமல் வெளியே வந்துவிட்டார்.

சனிக்கிழமை குழந்தையைக் கூட்டிக்கொண்டு நெட்டையைப் பார்க்கப் போனார். ஒற்றைப் படுக்கையறை வீடு. கூடத்தில் பாயை விரித்து நெட்டை மல்லாந்து கிடந்தான். முதுகுக்கு அடியில் வெந்நீர்ப் பை. பாய் போதாமல் பாதம் இரண்டும் தரையில் நீட்டிக்கொண்டிருந்தன. அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். "நிமிர்ந்து ஒரு டம்ளர் தண்ணி குடிக்க முடியலண்ணே, ஆனா வாய் மட்டும் ஓயல" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை உள்ளே அழைத்துப் போனாள்.

"வாடா டாக்டர். ஆபீஸ்ல ஃபேன் காத்தா, ஏசி காத்தா?"

"முதுகு எப்படிடா இருக்கு?"

"முதுகா? அது இருக்குன்னே இப்பத்தான் எனக்குத் தெரியுது. மூணு வாரம் படுக்கணுமாம். நான் வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து கேட்ட லீவை ஒரே தவணையில குடுத்துட்டாங்க."

டாக்டர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "நீ அடிச்சப்ப நான்..."

"தெரியும். ஆறு தடவ அடிச்சேன். ஏழாவது அடிக்கப் போனேன், செவ்வாய்க்கிழமைன்னு ஞாபகம் வந்துச்சு. தங்கச்சிக்குக் க்ளாஸ். சனியனே, நாம ஏன் ஒரு குடும்பத்தைக் கெடுக்கணும்னு போனை உள்ள வெச்சுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். டாக்டர் டீயை எடுத்தார், வைத்தார். நெட்டை கையை நீட்டி, பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்த வேலைச் சட்டையை இழுத்தான். பையிலிருந்து எதையோ எடுத்து அவர் முன்னால் பாயில் வைத்தான். நாலாக மடித்து நைந்து போன அட்டைத் துண்டு. ஒரு ஓரத்தில் நீல நிறத்தில் பாதிப் பல் படம்.

"குழியில கெடந்துச்சு. அன்னிக்கு இது என்னன்னு புரியல. மறுநாள் அங்க சரி பண்ணப் போன பையன் போன் பண்ணி, டாக்டர் அட்டை வைக்கச் சொன்னார், ஓடிடுச்சுன்னான். அப்பத்தான் புரிஞ்சுது. உங்க வீட்டுப் பேஸ்ட்தானே?"

"ஆமா."

"ஆபீஸ்ல நான் யார்கிட்டயும் சொல்லல. பயப்படாதே."

"நான் பயப்படல."

"பயப்படறே. மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு." நெட்டை கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான், அந்தப் பக்கம் திரும்ப முடியாததால்தான் என்றாலும், அது டாக்டருக்குச் சௌகரியமாக இருந்தது. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னிக்குப் புத்தகத்தைப் பார்த்தேன், ஒன்பது தடவ போயிருக்கே. ஒரு தடவகூட புத்தகத்துல எழுதல. ஒரு வரி. அஞ்சாம் மாடிக் கதவு, அட்டை. எழுதியிருந்தா நான் பார்த்திருப்பேன்ல?"

"நீ பார்த்தா என்னைக் கூப்பிட மாட்டியே."

சொல்லிவிட்டார். யோசித்துச் சொன்னதில்லை. பத்து வருஷம் ஒரே வேனில் பேசிய பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. உள்ளே குழந்தை ஏதோ கேட்டுச் சிரிப்பது கேட்டது. நெட்டை அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"இது மாதிரி இன்னும் எத்தனை கட்டடம்டா?"

"இருக்கு."

"எத்தனைடா?"

"பாதிக்கு மேல."

"அடப்பாவி" என்றான் நெட்டை, மெதுவாக. அதில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகம் இருந்தது. டாக்டருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். அவர் துணி மடித்தார். மடிக்க மடிக்க அந்தப் பதினோரு மாலைகளும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எல்லாமே நினைவிருந்தது, அவர் தலை அப்படி. முதல் வருஷத்து ஐந்தில், ஒரு தடவை ஆள் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார், ஒரு தடவை கம்பி அறுந்திருந்தது, அவை நியாயம். மற்ற மூன்றும்? ஒன்றில் ஒரு பழைய பெட்டிக்குள் சிவப்பு வயரைக் கொஞ்சம் ஆட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றில் மழைக்காலத்தில் குழிக்குள் நீர் கசிகிற மூலையைத் துடைக்க வேண்டும். மூன்றாவது, அந்த ஐந்தாம் மாடி அட்டை. அவருக்கு மட்டும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியும்படி அவர்தான் வைத்திருந்தார். இரண்டாம் வருஷத்து ஆறில் நாலு அப்படி. மொத்தம் ஏழு மாலை. அந்த ஏழையும் கழித்தால் முதல் வருஷம் இரண்டு வகுப்பு, இரண்டாம் வருஷம் இரண்டு வகுப்புதான் தவறியிருக்கும். இரண்டு தடவையும் அவள் பரீட்சை எழுதியிருப்பாள்.

இத்தனை நாள் வேலை அவரைப் பிடுங்கித் தின்கிறது என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். போன் அடித்தபோதெல்லாம் அலுத்துக்கொண்டே எழுந்தார். ஆனால் "டாக்டர், நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று அந்தப் பக்கம் சொல்லும்போது உள்ளுக்குள் ஒன்று குளிர்ந்து போனதே, அது யாருக்கும் தெரியாது. அவள் பையை இறக்கி வைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் செருப்பை மாட்டியிருக்கிறார்.

குழந்தையின் சின்னச் சட்டை ஒன்றை மூன்றாம் முறையாகப் பிரித்து மடித்தார்.

திங்கள்கிழமை எட்டரைக்கே மேனேஜர் அறைக்குப் போனார். எந்த ஒத்திகையும் பார்க்கவில்லை. அட்டையை மேஜை மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். எழுதாமல் விட்டதை, ஏன் எழுதவில்லை என்பதை, புதன்கிழமை சொன்னது பொய் என்பதை. நெட்டையின் பெயரை மட்டும் இழுக்கவில்லை. அட்டை குழியில் கிடைத்தது என்று சொன்னார்.

மேனேஜர் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தார்.

"கதவுப் பூட்டுல அட்டை. கதவு மூடாமலே லிஃப்ட் ஓடினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"எச்சரிக்கைக் கடிதம் குடுக்கப் போறேன். உங்க ஃபைல்ல இருக்கும்."

"சரிங்க மேடம்." வேலை, அதோடு கட்டிய வீசா, வீட்டு வாடகை ஒப்பந்தம், எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின. ஊர் விட்டு வந்தவனுக்கு ஒரு கடிதம் வெறும் கடிதமாக இருப்பதில்லை.

"அந்தத் தகட்டை இன்னிக்கே அவசரம்னு ஆர்டர் போடுங்க. அது வர்ற வரைக்கும் லிஃப்டை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. பெரியவர் வீட்டுக்கு நீங்களே போன் பண்ணிக் காரணத்தைச் சொல்லுங்க. போக வர ஆள் ஏற்பாடு நான் பண்றேன். நாளையிலேர்ந்து தினமும் ரெண்டு மணி நேரம், உங்க தலையில இருக்கறதை எல்லாம் எழுதுங்க. எத்தனை கட்டடம்?"

"நாப்பத்தாறு."

"நாப்பத்தாறும். ஆபீஸ் நேரத்துல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது."

பெரியவர் வீட்டுக்குப் போன் செய்தார். அவரே எடுத்தார். குரல் நூல் மாதிரி இருந்தது. டாக்டர் திக்கித் திணறிச் சொல்லி முடித்து, மன்னிப்புக் கேட்டார். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது இருக்கட்டும் தம்பி. என்னைத் தூக்கிட்டு வந்தாரே உயரமா ஒருத்தர், அவருக்கு முதுகு எப்படி இருக்கு?" என்றார். டாக்டர் சொன்னார். "பாவம்" என்றார் பெரியவர். "நான் அப்பவே சொன்னேன், கொஞ்சம் கொஞ்சமா நடந்துடறேன்னு. கேக்கல." போனை வைத்துவிட்டு டாக்டர் தகட்டுக்கான ஆர்டரை எழுதத் தொடங்கினார்.

அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு மனைவி வாசலில் பையோடு நின்றாள். குழந்தை கை மாறியது. அவள் படியில் கால் வைத்த பிறகு அவர், "ஒரு விஷயம்" என்றார்.

"என்ன? சீக்கிரம் சொல்லுங்க."

சொன்னார். பதினோரு மாலைகளில் ஏழு என்று சொன்னார். எந்தெந்த ஏழு என்றும் சொன்னார். கடிதத்தைக் கடைசியில் சேர்த்தார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

அவள் படியிலேயே நின்று கேட்டாள். கேட்டு முடித்து, "ரெண்டாவது வருஷம், அந்த ஆறாவது" என்றாள். "அன்னிக்கு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு போனீங்க. நான் புடவை மாத்தி, கதவைப் பூட்டி, இவளைத் தூக்கிட்டுக் கீழ வாசல்ல வந்து நின்னேன். வந்ததும் உங்க கையில குடுத்துட்டு ஓடலாம்னு. ஏழு மணி வரைக்கும் நின்னேன். அதுவும் அந்த ஏழுல ஒண்ணா?"

"ஆமா."

அவள் தலையசைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இதைச் சொல்றதுக்கு நான் கிளம்புற நேரம்தான் கிடைச்சுதா உங்களுக்கு? நின்னு சண்டை போட முடியாதுன்னு தெரிஞ்சு சொல்றீங்க."

அது உண்மை, சொல்கிற நிமிஷம் வரை அவருக்கே தெரியாத உண்மை.

"இவளுக்குச் சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். படிகளில் காலடிச் சத்தம் ஒரே சீராக இறங்கிப் போயிற்று, எங்கேயும் நிற்கவில்லை.

எட்டேகாலுக்கு வந்தாள். கை கழுவினாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து, சண்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வந்தால் ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார். அவள் தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்து வந்து அவர் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை டெஸ்ட் இருக்கு. எட்டாவது பாடம். கேளுங்க."

மருந்துப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அவள் ஒவ்வொன்றையும் திருத்தினாள். ஒரு கேள்வி, ஒரு பதில். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பதினான்காவது கேள்விக்கு அவள் சொன்ன பதிலும் புத்தகத்தில் இருந்த பதிலும் வேறு வேறாக இருந்தன. அவர் தயங்கினார்.

"தப்பா?"

"கிட்டத்தட்ட சரிதான்..."

"தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க."

"தப்பு."

"சரியானதைப் படிங்க."

படித்தார். அவள் உதடு மட்டும் அசைய அதை ஒரு முறை தனக்குள் சொல்லிக்கொள்வது தெரிந்தது.

"மறுபடி முதல்லேர்ந்து கேளுங்க" என்றாள்.

அவர் பக்கத்தைத் திருப்பினார்.